இருமல் பாணி கேட்டுப் போனேன், சிறிஞ்சோடு திரும்பினேன்: திருநெல்வேலிப் பக்க மருந்தகம் ஒன்றைப் பற்றி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய மருந்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள மருந்தாளர் அக்கா கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். அப்படியிருந்தும் எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இருமல் மருந்து வாங்கப் போகும் தாய் தகப்பன் ஒரு மருந்தகத்திடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதை இந்த வயதில்தான், அதுவும் இந்தக் கடையின் மேசைக்கு முன்னால் நின்றுதான், நான் அறிந்துகொண்டேன்.

2025 ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். இருபது மாதமான என் மகளுக்குத் தடிமன் பிடித்து மூன்றாம் நாள். பகலில் ஓடி விளையாடினாள். இரவில் படுத்ததும் இருமத் தொடங்கி, இருமி இருமிக் குடித்த பாலையும் சத்தியெடுத்தாள். மூத்தவனுடைய காலத்தில் வாங்கிய ஒரு பாணியின் பெயர் எனக்கு நினைவில் இருந்தது. அதைச் சொல்லி ஒரு போத்தல் கேட்டேன். அக்கா போத்தலை எடுக்கவில்லை. பிள்ளைக்கு எத்தனை மாதம், நிறை எவ்வளவு, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, மூச்சு விடும்போது சத்தம் கேட்கிறதா, வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னால் நான்கைந்து பேர் குடையோடு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை.

“தங்கச்சி, ரெண்டு வயசுக்குக் கீழ இந்தப் பாணியை நான் குடுக்கிறேல்லை. குடுத்தாலும் இருமல் நிக்காது, பிள்ளைதான் மயங்கிக் கிடக்கும்” என்றார்.

உள்ளதைச் சொன்னால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு இரவு நித்திரை இல்லாமல் மழையில் நனைந்து வந்து நிற்பவளிடம் மருந்தில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவர் மறுத்ததோடு நிற்காமல், போத்தலை எடுத்து அதன் பெட்டியில் இருந்த சேர்மானங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டதையும், பின்பு நானே தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நாம் பொதுவாக ‘இருமல் பாணி’ என்று சொல்வது ஒரே மருந்து அன்று. ஒரு போத்தலுக்குள் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கும். டெக்ஸ்ட்ரோமெதோர்பன் போன்றவை இருமல் உணர்வை மூளையில் அடக்குபவை. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசீன் போன்றவை ஒவ்வாமைக்கு எதிரானவை; நித்திரையை வரவழைப்பவை. பினைல்எப்ரின் போன்றவை மூக்கடைப்புக்கானவை. இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. குவாய்பெனசின், அம்புரொக்சோல், புரோம்ஹெக்சின் ஆகியவை சளியை இளக்குவதற்காகச் சேர்க்கப்படுபவை. சிலவற்றில் சல்பியூற்றமோலும் இருக்கும். அது முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு உரியது, சாதாரணத் தடிமன் இருமலுக்கு அதனால் பயன் இல்லை, கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். தடிமனோடு வரும் இருமல் பெரும்பாலும் வைரசினால் வருவது, தானாகவே மாறும். மூக்கிலிருந்து தொண்டைக்குள் வழியும் சளியைச் சுவாசக் குழாய்க்குள் போகவிடாமல் உடல் வெளியே தள்ளும் வேலைதான் அந்த இருமல். சிறு பிள்ளைகளில் இந்தப் பாணிகள் அந்த இருமலைக் குறைக்கின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. மிகையான நித்திரை, வலிப்பு, இதயத் துடிப்பு மாறுதல், மூச்சு மந்தமாதல் போன்ற கேடுகளோ பதிவாகியிருக்கின்றன.

இது ஒரு மருந்தாளரின் தனிப்பட்ட பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 தை மாதத்திலேயே இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படும் இருமல், தடிமன் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள உற்பத்தியாளர்கள் தாங்களாகவே நான்கு வயது என்ற எல்லையைப் பெட்டிகளில் அச்சிட்டார்கள். பிரித்தானியா 2009 இல் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்றது. பிரான்சு 2010 இல் சளி இளக்கும் மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தடுத்தது. இந்திய நடுவண் அரசின் சுகாதாரப் பணிப்பாளர் அலுவலகமும் 2025 ஒக்ரோபரில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து எழுதவோ விற்கவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கது அன்று என்று அறிவுறுத்தியது. கோடீன் என்ற அபின் வகை இருமல் அடக்கி சேர்ந்த மருந்துகளைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்பது 2017 முதல் அமெரிக்காவில் நடைமுறை. சில பிள்ளைகளின் உடல் கோடீனை மிக விரைவாக மோர்பினாக மாற்றிவிடுவதால் மூச்சே நின்றுபோகக்கூடும்.

இந்த இடத்தில் மூத்தவனுடைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 இன் நடுப்பகுதி. நாட்டில் எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. அவனுக்கு அப்போது இரண்டரை வயது. வேறொரு மருந்தகத்தில், வழக்கமான மருந்து இல்லையென்று சொல்லி, ‘இதுவும் அதேதான்’ என்று வேறொரு பாணியைத் தந்தார்கள். வயதைக் கேட்கவில்லை, நிறையைக் கேட்கவில்லை, ‘ஒரு கரண்டி, மூன்று நேரம்’ என்று மட்டும் சொன்னார்கள். நான் குசினியில் இருந்த கரண்டியால் கொடுத்தேன். அன்று பின்னேரம் படுத்தவனை அடுத்த நாள் காலையில் எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்வந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், உடனே சொருகிவிடுவான். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். மருத்துவர் போத்தலைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த ஒவ்வாமை மருந்தும் இந்தப் பாணியில் இருந்ததும் ஒரே மருந்துதான் என்றார். வெவ்வேறு பெயர் எழுதிய இரண்டு போத்தலில் இருந்து ஒரே குளோர்பெனிரமினை இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறேன். நல்ல வேளையாகப் பின்னேரத்துக்குள் தெளிந்துவிட்டான். அந்த மருந்தகத்தை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. வீட்டில் என்ன மருந்து இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரேயொரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அது நடந்திராது. அதனால்தான் திருநெல்வேலி அக்கா ‘வீட்டில் என்ன கொடுத்தீர்கள்’ என்று கேட்டபோது என் கோபம் பாதி வழியிலேயே அடங்கிப்போனது.

பரசிற்றமோலிலும் இதே பொறி உண்டு. தடிமனுக்கென்று விற்கும் சில கலவைப் பாணிகளில் பரசிற்றமோலும் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாகவும் கொடுத்தால் அளவு மிஞ்சி ஈரலைப் பாதிக்கும்.

இனி, என்ன தந்தார் என்பதைச் சொல்கிறேன். மகளுக்கு இலேசான காய்ச்சல் இருந்ததால், ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பரசிற்றமோல் பாணி ஒன்றும், ஒரு வாய்ச் சிறிஞ்சும், மூக்குக்கு விடும் உப்புநீர்த் துளியும். கிளினிக் அட்டையைக் காட்டச் சொல்லி நிறையைப் பார்த்தார்: 10 கிலோ. ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது கணக்கு. ஆகவே ஐந்து மில்லிலீற்றர் போதும், ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், காய்ச்சல் இல்லாவிட்டால் கொடுக்கவே வேண்டாம் என்று பெட்டியில் தமிழில் எழுதித் தந்தார். அதே மருந்து ஐந்து மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. குழந்தைகளுக்கான செறிந்த துளி மருந்தாகவும் வருகிறது. முதல் போத்தலின் அளவை நினைவில் வைத்து இரண்டாவதிலிருந்து ஊற்றினால் மருந்து இரு மடங்காகிவிடும். ஆகவே ‘எத்தனை மில்லிலீற்றர்’ என்பதோடு ‘எந்தப் போத்தலில்’ என்பதையும் சேர்த்தே மனத்தில் பதிக்கும்படி சொன்னார்.

சிறிஞ்சைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மருந்தகத்தில் நான் வாங்கியவற்றுள் மிக மலிவானதும் மிகப் பெறுமதியானதும் அதுதான். நம் வீடுகளில் இருக்கும் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. வீட்டுக்கு வந்து பரீட்சித்துப் பார்த்தேன்: சிறிஞ்சில் ஐந்து மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து எங்கள் கரண்டிகளில் விட்டபோது, ஒன்றில் விளிம்பு தாண்டி வழிந்தது, இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேலேதான் நின்றது. அந்த இரண்டாவது கரண்டியால்தான் 2022 இல் மூத்தவனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முறையையும் அக்கா காட்டினார்: பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, சிறிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்புறமாக வைத்து, சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும், அண்ணாக்கப் பிடித்துத் தொண்டைக்குள் பீச்சினால் புரைக்கேறும். ஊசி போடும் சிறிஞ்சை வாங்கிப் பாவிப்பவர்கள் நுனியில் உள்ள சிறு மூடியைக் கழற்றி எறிந்துவிட வேண்டும், அது பிள்ளையின் தொண்டைக்குள் போய்விடக்கூடும் என்றும் சொன்னார். எத்தனை வருடமாகப் பிள்ளை வளர்க்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்குப் பின்னால் நின்ற ஐயா ஒருவர், பாரிசில் இருந்து வந்த மகள் விட்டுச் சென்ற ஒரு போத்தலை நீட்டி, பேரனுக்கு இதில் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார். முழுவதும் பிரெஞ்சில் எழுதியிருந்தது. அக்கா அதை வாங்கி வாசிக்க முயன்று, விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்ளாமல், “ஐயா, தெரியாத மருந்துக்கு நான் அளவு சொல்லக்கூடாது. அவையிட்டை ரெலிபோனில கேட்டாலும், பிள்ளையை ஒருக்காக் காட்டாமல் குடுக்காதேங்கோ” என்று திருப்பிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் இது சிறிய விடயம் அன்று. ஒவ்வொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் கனடா, இலண்டன், சுவிஸ் என்று ஏதாவது ஒரு நாட்டுப் போத்தல் இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருபவர்களும் காங்கேசன்துறைக் கப்பலில் வருபவர்களும் பையில் மருந்து கொண்டுவருகிறார்கள். அன்பினால் கொண்டுவருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2025 புரட்டாதியில் நடந்ததை மறக்கலாமா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிப்’ என்ற பாணியைக் குடித்து மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்த மாதிரியில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சு இரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் எல்லை 0.1 சதவீதம். 2022 இல் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது பிள்ளைகள் இறந்ததும், அதே ஆண்டில் இந்தோனேசியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் பிள்ளைகள் இறந்ததும் இதே வகை நஞ்சினால்தான். பாணிக்கு இனிப்பையும் குழைவையும் தருவதற்காகக் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். தரம் பரிசோதிக்காமல் தொழிற்சாலைப் பாவனைக்குரிய மலிவுச் சரக்கை வாங்கினால் அதனோடு இந்த நஞ்சும் கலந்து வந்துவிடுகிறது. நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பாணி குடித்த பிள்ளை சத்தியெடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்து, சோர்ந்து போனால் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

அந்தச் செய்திகளுக்குப் பிறகு, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு உள்ள மருந்தை, முத்திரை உடையாத போத்தலில், பற்றுச்சீட்டோடு மட்டுமே வாங்குகிறேன். இந்தக் கடையில் பெரிய போத்தலில் இருந்து சிறு போத்தலுக்கு ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. இலக்கமும் காலாவதித் திகதியும் பெட்டியில் இருக்கும்படியே தருகிறார்கள். பதிவுபெற்ற மருந்தாளர் என்பதற்கான சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது, அதில் பெயர் உள்ளவரே மேசையில் நிற்கிறார். சில இடங்களில் சான்றிதழ் ஒருவருடையதாகவும் மருந்து எடுத்துத் தருபவர் இன்னொருவராகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாணி தராவிட்டால் இருமலுக்கு என்ன செய்வது? அவர் சொன்னவை மிக எளியவை. படுக்குமுன் மூக்கில் உப்புநீர்த் துளி. அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுப்பது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால். வீட்டுக்குள் சிகரெட்டுப் புகையும் நுளம்புச் சுருளும் வேண்டாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்குமுன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேன் கொடுக்கலாம். இரவு இருமலைத் தணிப்பதில் அது ஓரளவு உதவுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கோ ஒரு சொட்டும் கூடாது, ஏனென்றால் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பற்றீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். வன்னித் தேன் என்று சொல்லிச் சீனிப்பாகை விற்பவர்களும் இருப்பதால் நம்பிக்கையான கையில் வாங்குங்கள்.

என் மாமியார் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீரைப் பனங்கற்கண்டு போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார். இளஞ்சூட்டில், காரம் இல்லாமல், சிறிதளவு கொடுத்தால் குற்றமில்லை என்றார் அக்கா. ஆனால் இரண்டு விடயத்தில் கண்டிப்பாக இருந்தார். ஒன்று, சுடுதண்ணீர்ச் சட்டிக்கு மேல் பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவது. சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வருவது உண்டு. மற்றது, கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் பூசுவது. கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் சிறு பிள்ளைக்கு வலிப்பு வரலாம். பூசிய கையைப் பிள்ளை வாயில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எப்போது மருந்தகத்தை விட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதித் தந்தார். இதை நான் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40. இந்த எண்களைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்குவது, உதடு நீலமாவது, மூச்சில் சத்தம், குடிக்க மறுப்பது, எழுப்ப எழுப்பச் சோர்வது ஆகியவற்றுள் எது இருந்தாலும் இரவென்று பார்க்காமல் போக வேண்டும், வாகனம் இல்லையென்றால் அம்புலன்ஸ் சேவையின் 1990 இற்கு அழைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இருமலோ காய்ச்சலோ வந்தால் மருந்தகத்துக்கே வர வேண்டாம், நேரே வைத்தியசாலைதான். இரண்டு வாரம் கடந்தும் குறையாத இருமலைக் காட்டியே ஆக வேண்டும். காசநோயும் முட்டும் அப்படியும் தொடங்கலாம். நம் மாரிகாலம் டெங்குக் காலமும் ஆகையால், காய்ச்சலுக்கு இபுபுரோபன், அஸ்பிரின் எதையும் வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதைச் சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்தார்.

குறைகளும் இருக்கின்றன. கடை ஒடுக்கம், மழைக்கு ஒதுங்க வெளியே ஒரு தகரம்கூட இல்லை, கைக்குழந்தையோடு வருபவர் உட்கார ஒரு கதிரையும் இல்லை. பிள்ளையின் நோயைப் பற்றிப் பேசுவதைப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மேசையின் முன்பக்கத்தில், நடக்கப் பழகிய பிள்ளைக்குக் கையெட்டும் உயரத்தில், நிறம் நிறமான தொண்டை மிட்டாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக்குட்பட்டோருக்கு அவை புரைக்கேறும் ஆபத்து உள்ளவை என்று நான் சொன்னதும் ஒப்புக்கொண்டார், அடுத்த முறை போனபோது மேல் தட்டுக்கு மாறியிருந்தன. கையால் எழுதும் குறிப்பு ஈரக் கை பட்டால் அழிந்துபோகிறது, அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள் இருந்தால் நல்லது. அக்கா இல்லாத நேரத்தில் நிற்கும் தம்பி மரியாதையானவர், ஆனால் கேள்வி கேட்பதில்லை. கேட்காமலே எடுத்துத் தந்துவிடுகிறார். ஒரு முறை அவரிடம் நான்தான் பிள்ளையின் வயதையும் நிறையையும் வலிந்து சொல்ல வேண்டியிருந்தது. இதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன், மறைத்து எழுதவில்லை.

மகளின் இருமல் பன்னிரண்டாம் நாள் குறைந்து, பதினாறாம் நாள் முற்றாக நின்றது. இடையில் எட்டாம் நாள் இரவு பொறுமையிழந்து மூத்தவனின் பழைய போத்தலைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு, அவளை மடியில் நிமிர்த்திப் படுக்க வைத்து மூச்சை எண்ணினேன். இருபத்தெட்டு. பாலைச் சிறிது குடித்துவிட்டு நித்திரையானாள். காலாவதியான அந்தப் போத்தலை மறுநாள் மருந்தகத்தில் கொடுத்து, அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிழமை நாட்களில் காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். அக்கா மதியம் ஒன்று முதல் மூன்று மணிவரை இருக்கமாட்டார், ஞாயிறு பின்னேரம் பூட்டு. போகும்போது பிள்ளையின் கிளினிக் அட்டையையும், வீட்டில் ஏற்கெனவே திறந்திருக்கும் மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.